அக்கா வண்டியின் வலது பக்கம்

ஆனேக்கல் ரோட்டில் பாதி தூரம் நடந்த பிறகுதான், பைக்குள் இருந்தது அடிக்கொரு தரம் முதுகெலும்பில் இடிப்பது எனக்கு உறைத்தது. பையை முன்பக்கமாக மாட்டிக்கொண்டேன். மறுநாள் ஆயுத பூஜை. சாலையின் இரண்டு ஓரத்திலும் பூசணிக்காயும் வாழைக்கன்றும் கடலைப்பொரியும் குவித்துப் போட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். கேப் டிரைவர்கள் வண்டியை நடு ரோட்டிலேயே நிறுத்திவிட்டு மாலைக்குப் பேரம் பேசினார்கள். அந்தக் கூட்டத்தில் பள்ளிப் பையோடு போகிற ஒரு பன்னிரண்டு வயதுப் பையனை யாரும் கவனிக்கப் போவதில்லை. இருந்தாலும் நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். திரும்பினால் அப்பா பின்னால் நின்றுகொண்டிருப்பார் என்று தோன்றியது.

அதற்குப் பிறகு எத்தனையோ இடங்களிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பியிருக்கிறேன். ஓட்டல் வேலை, லாரி கிளீனர் வேலை, மணாலியில் ஒரு குளிர்காலம், கோவாவில் இரண்டு சீசன். எங்கிருந்தும் இன்னொருவருடைய பொருளை எடுத்துக்கொண்டு கிளம்பியதில்லை. எடுத்துக்கொண்டு நடந்தது அந்த ஒரு சாயங்காலம்தான்.

பைக்குள் இருந்தது ஒரு சாண் நீளமுள்ள பிவிசி குழாய். நீளவாக்கில் பாதியாக அறுத்தது. உள்ளே பழைய பஸ் சீட்டின் ஸ்பாஞ்சு, அதன் மேல் சைக்கிள் டியூப் ரப்பர், அதற்கும் மேல் அம்மாவின் நைந்துபோன பருத்திப் புடவையில் தைத்த உறை. அக்கா அதற்குத் தொட்டில் என்று பேர் வைத்திருந்தாள். அவளுடைய வலது கையில் முழங்கைக்குக் கீழே மிச்சமிருந்த நாலு விரற்கடை அதில்தான் படுத்துக்கொள்ளும்.

எங்களுக்குக் கோலார் தங்கவயல். சுரங்கத்தை மூடிய பிறகு அப்பா கொஞ்ச காலம் ரயிலில் பெங்களூருக்கு வந்து போனார். அப்புறம் சந்தாபுராவில் ஓர் அறையும் சமையல்கட்டும் உள்ள வீடு பார்த்து எங்களைக் கூட்டி வந்துவிட்டார். ஆனேக்கலுக்குப் போகும் வழியில், கைவிட்ட கல்குவாரி ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து ஒருவர் வண்டி ஓட்டும் மைதானமாக ஆக்கியிருந்தார். அப்பா அங்கே மெக்கானிக். வண்டி என்பது குவாட் பைக். உப்பிய நாலு சக்கரம், குதிரை மேல் உட்காருகிற மாதிரி ஒரு நீள சீட், முன்னால் பைக்குக்கு இருப்பது போல ஹேண்டில்பார். சேறு, பாறை, பள்ளம் எதிலும் ஏறி இறங்கும். எலெக்ட்ரானிக் சிட்டியில் வாரம் பூராவும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்கள் சனி, ஞாயிறில் வந்து காசு கொடுத்துக் குலுங்கிவிட்டுப் போவார்கள்.

அவர்களுக்கு முன்னால் வழிகாட்டி வண்டி ஓட்டியது என் அக்கா. அவளுக்குப் பத்தொன்பது வயது. சிவப்பு ஹெல்மெட் போட்டுக்கொண்டு குவாரியின் விளிம்பில் ஏறி, ஒரு கையை உயர்த்தி, பின்னால் வருகிறவர்களை நிறுத்துவாள். சுற்று முடிந்து ஹெல்மெட்டைக் கழற்றும்போதுதான் பெண் என்று தெரியும். உடனே எல்லோரும் அவளோடு நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். நான் அப்பாவின் வேலைக் கொட்டகை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். வயிறு எரியும். இதில் மறைக்க ஒன்றுமில்லை. அவளுக்கு இரண்டு கை இருந்தபோதும் எரிந்தது, ஒரு கை போன பிறகும் எரிந்தது.

கை போனது ஒரு ஷேர் ஆட்டோவில். ஓரத்தில் உட்கார்ந்து வெளிக்கம்பியைப் பிடித்திருந்தாள். ஒரு டிப்பர் லாரி ஒட்டிக்கொண்டு போனது. அவ்வளவுதான்.

மைதானத்தின் முதலாளி கன்னடக்காரர். கெட்டவர் அல்ல. ஆஸ்பத்திரியிலிருந்து அவளைக் கூட்டி வந்த வாரம், ஆப்பிள் வாங்கிக்கொண்டு வீட்டுக்கே வந்தார்.

“ஹெல்மெட் ரூம்ல உக்காரட்டும்ப்பா. குடுக்கறது, வாங்கறது, அஷ்டே, அவ்ளோதான். கஷ்டம் ஏனும் இல்ல,” என்றார்.

அப்பா அவர் எதிரில் அதிகம் பேசாதவர். அன்றைக்குப் பேசினார்.

“எங்கப்பனுக்குச் சுரங்கத்துல வெரலு போச்சு சார். கொண்டுபோயி வெளக்கு ரூம்ல உக்கார வச்சாங்க. உள்ள எறங்கறவனுக்கு வெளக்கு எடுத்துக் குடுக்கறது, மேல வந்தா வாங்கி மாட்டறது. சாவற வரைக்கும் அதான் வேலை. எம் பொண்ணை அப்படி உக்கார வைக்க மாட்டேன். வண்டிய மாத்திக் குடுக்கறேன். ஓட்டுவா.”

முதலாளி அக்காவைப் பார்த்தார். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆயுத பூஜைக்குள்ள ஆகுத்தா?” என்றார்.

அவர் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. ஆயுத பூஜையன்று வண்டிகளையெல்லாம் கழுவி, மாலை போட்டு, வரிசையாக நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்துக்கு அடியிலும் ஒரு எலுமிச்சம்பழம் வைப்போம். வழிகாட்டி வண்டிதான் முதலில் பழத்தை நசுக்கிக்கொண்டு கிளம்பி ஒரு முழுச் சுற்று போய்வர வேண்டும். அன்றைக்கு யார் ஓட்டுகிறாரோ அவர்தான் அடுத்த ஆயுத பூஜை வரைக்கும் முன்னால் ஓட்டுவார். நடுவில் மாற்றினால் வண்டிக்கு ஆகாது என்பது முதலாளியின் நம்பிக்கை. அவர் அதை மாற்றியதே இல்லை.

அக்காவின் புண் ஆறவில்லை. ஆனால் அளவு பார்க்க அப்பாவுக்கு ஒற்றைக் கை ஆள் தேவைப்பட்டது. என்னைக் கூப்பிட்டார். என் வலது கையை மடக்கிச் சட்டைக்குள் விட்டு, துண்டால் நெஞ்சோடு இறுக்கிக் கட்டி, வண்டி மேல் ஏற்றி உட்கார வைத்தார்.

அதுபோல மூன்று வாரம் எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. பள்ளி விட்டதும் கொட்டகைக்கு ஓடுவேன். வலது பெருவிரலால் அழுத்துகிற ஆக்ஸிலேட்டரை அப்பா இடது பக்கத்துக்கு மாற்றினார். வலது பிரேக்கின் கேபிளைக் கால் பிரேக்கோடு சேர்த்தார். இடது கைப்பிடியைச் சூடுகாட்டி உள்பக்கமாக வளைத்தார். பழைய ஸ்கூட்டரின் ஷாக் அப்சார்பர் ஒன்றைக் குறுக்கே படுக்கவைத்து, பாறையில் ஏறும்போது ஹேண்டில் துள்ளாமல் பிடிக்கும்படி செய்தார். ஒவ்வொன்றைச் செய்த பிறகும் நான் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வர வேண்டும். வந்ததும், “எப்படி கீது?” என்பார். அதுவரைக்கும் எதைப் பற்றியும் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. நான் யோசித்து, பெரிய மனிதன் மாதிரி, “இடது பக்கம் இழுக்குது,” என்பேன். அவர் உடனே ஸ்பானரை எடுப்பார். கொட்டகையில் எல்லோரும் என்னை ஒத்தைக்கையன் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அந்தப் பேர் எனக்குப் பிடித்திருந்தது.

வீட்டிலும் இடது கையாலேயே எல்லாவற்றையும் செய்ய ஆரம்பித்தேன். ஒரு நாள் இடது கையால் சோற்றைப் பிசைந்தபோது அம்மா கரண்டியால் ஒன்று வைத்தாள்.

“பீச்சாங்கையில சாப்புடறியே, வெக்கமா இல்ல?”

“அக்கா மட்டும் சாப்புடலாமா?” என்றேன்.

அம்மா இரண்டாவது அடிக்கு ஓங்கிய கரண்டியை அப்படியே கீழே வைத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டாள். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்து இடது கையாலேயே சாப்பிட்டு முடித்தேன். மீனில் நடுத்துண்டு எப்போதும் போல அக்காவின் தட்டில் இருந்தது.

மூன்று வாரம் கழித்து அவள் கொட்டகைக்கு வந்தாள். வண்டியில் உட்கார்ந்தாள். இரண்டு தரம் ஹேண்டிலைத் திருப்பிப் பார்த்தாள். “ரெண்டு வெரலு ஒசத்தணும்பா,” என்றாள். என் உயரத்துக்குப் பார்த்துப் பார்த்து வைத்திருந்த ஹேண்டிலை அப்பா ஒரே நிமிஷத்தில் உயர்த்திவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பிறகு அவர் தொட்டிலைச் செய்தார். வலது கைப்பிடிக்கு மேலே ஓர் இரும்புப் பிடிப்பு வைத்து, ஒரு பின்னைச் செருகி அதில் மாட்டினார். இடது பக்கம் திரும்ப வேண்டுமானால் ஹேண்டிலின் வலது பக்கத்தை முன்னால் தள்ள வேண்டும். அவள் மிச்சக் கையால் அதைத் தள்ளுவதற்குத்தான் தொட்டில். மேல்பக்கம் திறந்தே இருக்கும். “விழுந்தா கை தன்னால வெளிய வந்துடணும்,” என்று அப்பா சொல்லிக்கொண்டே செய்தார். அவள் இல்லாதபோது நான் என் கையை மடக்கி அதில் வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை. என் கை அதற்கு அதிகம். வண்டியில் எனக்குப் பொருந்தாத பொருள் அது ஒன்றுதான். அப்பா பார்த்துவிட்டார்.

“எறங்குடா கீழ. உறைய அழுக்காக்காத. அது அக்காவோடது.”

அக்கா ஒரு வாரம் ஓட்டிப் பழகினாள். நன்றாகவே ஓட்டினாள். “நல்லா பழக்கி வச்சிருக்கடா வண்டிய,” என்று ஒரு நாள் என் தலையைத் தட்டினாள். என்னைக் கிண்டல் செய்கிறாள் என்று நினைத்தேன்.

தொட்டிலை எலி கடிக்கும் என்று அப்பா தினமும் சாயங்காலம் கழற்றி ஆணியில் மாட்டுவார். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அவர் பூசணிக்காய் வாங்கப் போயிருந்தார். ஆணியிலிருந்து எடுத்து, கணக்குப் புத்தகத்துக்கும் டிபன் டப்பாவுக்கும் நடுவில் செருகிக்கொண்டு நான் நடக்க ஆரம்பித்தேன்.

குவாரியிலேயே தண்ணீர் நிற்கிற பள்ளங்கள் இருந்தன. அங்கே போட்டால் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று சந்தாபுரா ஏரி வரைக்கும் போனேன். ஏரியில் வழக்கம் போல வெள்ளை நுரை கட்டியிருந்தது. கரைச் சேற்றில் இறங்கி, பலம் கொண்ட மட்டும் வீசினேன். அது முழுகவில்லை. ஸ்பாஞ்சு காரணமாக இருக்க வேண்டும். நுரைக்கு நடுவில் ஆடிக்கொண்டே, அவசரமில்லாமல், ஆகாயத்தாமரை பக்கமாக மிதந்து போனது. கல்லை எடுத்து அடித்தேன். மூன்று கல்லும் படவில்லை.

மறுநாள் காலையில் பத்து வண்டியும் சந்தனமும் குங்குமமும் சாமந்தி மாலையுமாக நின்றன. சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழங்கள். முதலாளி வெள்ளை வேட்டியில் வந்திருந்தார். அக்கா சிவப்பு ஹெல்மெட்டுக்கும் பொட்டு வைத்திருந்தாள். அப்பா ஆணியிடம் போனார், அங்கேயே நின்றார், பிறகு என்னிடம் வந்தார்.

“தொட்டில் எங்கடா?”

“எனக்கு இன்னா தெரியும்?”

“நேத்து சாயங்காலம் நீதானே இங்க இருந்த?”

அக்கா என் கேன்வாஸ் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கறுப்புச் சேறு காய்ந்து, அதன் மேல் நுரை உப்பு மாதிரி படிந்திருந்தது. சந்தாபுராவில் இருக்கிற யாருக்கும் அது எந்தச் சேறு என்று தெரியும். ஷூவிலிருந்து அவள் கண் என் முகத்துக்கு வந்தது.

“நான்தாம்பா எடுத்தேன்,” என்றாள். “வேற உறை தைக்கலாம்னு வூட்டுக்கு எடுத்துட்டுப் போனேன். அங்கயே வச்சுட்டேன்.”

“இன்னாம்மா இது, இன்னிக்குப் போயி! பைக்ல போயி எடுத்தாந்துடறேன்.”

“ராகுகாலம் பந்துபிடுத்தே, வந்துடும்,” என்று முதலாளி கைக்கடிகாரத்தைத் தட்டினார். “இப்ப எடுக்கணும் வண்டி. ஆகல்லன்னா சொல்லும்மா. வேற ஆள் இருக்கு. ஹெல்மெட் ரூம் எங்கயும் போகாது.”

அப்பாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதில் கவனமாக இருந்தேன்.

அக்கா வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். “ஏறுடா பின்னாடி,” என்றாள்.

“நானா? இன்னாத்துக்கு?”

“வலது கை வேணும். உங்கிட்டதான் ரெண்டு கீதே.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் ஏறினேன். அவள் இடுப்பைச் சுற்றி என் வலது கையை முழு நீளத்துக்கு நீட்டினால்தான் கைப்பிடி எட்டியது. கன்னம் அவள் முதுகில் அழுந்தியது. அவளுடைய மிச்சக் கை என் தோள் மேல் பட்டுக்கொண்டிருந்தது. சூடாக இருந்தது. களிம்பு வாசனை அடித்தது. அதை அவ்வளவு பக்கத்தில் அன்றுதான் பார்த்தேன்.

எலுமிச்சம்பழம் நாலும் சத்தத்தோடு நசுங்கியது. கிளம்பினோம்.

கொட்டகை பார்வையிலிருந்து மறைந்ததும், திரும்பாமலே கேட்டாள்.

“எங்க போட்ட?”

“ஏரில.”

“முழுகிச்சா?”

“இல்ல. மெதந்துகினே போயிடுச்சு.”

அவள் முதுகு குலுங்கியது. சிரிக்கிறாள் என்று நினைத்தேன். வண்டியும் குலுங்கிக்கொண்டுதான் இருந்தது.

“மேட்டுல லெஃப்ட் வருது. நான் சொன்னாதான் தள்ளணும். சொல்லலன்னா சும்மா புடிச்சிக்க.”

குவாரியின் விளிம்பில் ஒரு ஏற்றம் உண்டு. ஏறி முடிக்கிற இடத்திலேயே இடது பக்கம் ஒடித்துத் திரும்ப வேண்டும். வலது பக்கம் பச்சைத் தண்ணீர், நாலு ஆள் ஆழம். “தள்ளு!” என்றாள். உடம்பில் இருந்த எல்லாவற்றையும் சேர்த்துத் தள்ளினேன். வண்டி திரும்பியது. கொஞ்சம் அதிகமாகவே திரும்பி, பாறையை உரசிக்கொண்டு போய் நேரானது. நான்தான் திருப்பினேன் என்று கத்த வேண்டும் போல இருந்தது.

திரும்பி வந்தபோது முதலாளி கை தட்டினார். “ரெண்டு கை வேணும், ரெண்டு கை இருக்கு. யார்து ஆனா என்ன!” என்றார். அக்காவுக்கு அவளுடைய இடம் கிடைத்தது. அப்பா வண்டியின் முன்னால் பூசணிக்காயை உடைத்தார். பிறகு துண்டால் முகத்தை நெடுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

“நாளைக்கு மறக்காம தொட்டில எடுத்தாம்மா. மாட்டித் தரேன்.”

“வேணாம்பா. அது குத்துது. இவன் கையே போதும்.”

“குத்துதா? முன்னாடியே சொல்லக்கூடாதா? வேற மெத்துன்னு செஞ்சித் தரேன்.”

“வேணான்றேன்ல,” என்றாள் கொஞ்சம் கோபமாக. அப்பா விட்டுவிட்டார். தொட்டிலைப் பற்றி அதன் பிறகு எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை.

இரண்டு வருஷம் அவள் பின்னால் உட்கார்ந்திருந்தேன். முதலில் சனி, ஞாயிறு. பிறகு கம்பெனிக்காரர்கள் கூட்டமாக வருகிற வெள்ளிக்கிழமையும் சேர்ந்தது. அப்புறம் பள்ளிக்கூடம் தானாக என்னை விட்டுவிட்டது. ஒவ்வொரு சாயங்காலமும் அம்மா எண்ணெய் காய்ச்சி அக்காவின் இடது தோளில் தேய்த்துவிடுவாள். எனக்கு அதிலும் வயிறு எரிந்தது. நாள் பூராவும் நீட்டி நீட்டி என் வலது தோளும்தான் வலித்தது. எனக்கு யாரும் எண்ணெய் தேய்க்கவில்லை.

பல வருஷம் கழித்து கோவாவில் இதே மாதிரி வண்டி ஓட்டுகிற வேலை. பின்னால் உட்கார்ந்த ஒருவர் பயந்துபோய், எனக்கு உதவி செய்வதாக நினைத்து, எட்டி ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டார். பின்னால் இருப்பவனுக்கு வளைவு தெரியாது. தள்ள வேண்டிய நேரத்துக்குப் பிறகு தள்ளுவான், விட வேண்டிய நேரத்துக்குப் பிறகும் விட மாட்டான். அவர் கையை எதிர்த்து வண்டியை நேராக வைப்பதற்கு என் இரண்டு கையும் போதவில்லை. சுற்று முடிந்து அவரை இறக்கிவிட்ட பிறகு, இன்ஜினை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அக்காவிடம் இருந்தது ஒரு கை.

போனில் பேசும்போதெல்லாம் அவளிடம் அதைக் கேட்க நினைப்பேன். அவள் முந்திக்கொண்டு, “சாப்ட்டியாடா?” என்பாள். அதோடு போய்விடும்.

அந்த ஆயுத பூஜையன்று இதெல்லாம் எனக்குத் தெரியாது. மறுநாள் விஜயதசமி. பள்ளி விடுமுறை, ஆனால் மைதானத்துக்குக் கூட்டம் வரும். அக்காவுக்கு முன்னால் எழுந்தேன். வலது கையைத் தோள் வரைக்கும் சோப்புப் போட்டு இரண்டு தரம் கழுவினேன். அவளுடைய சிவப்பு ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வாசலில் போய் நின்றேன். கடைசியில் ஜெயித்தது நான்தான் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

அவள் வெளியே வந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“சாப்ட்டியா?”

“சாப்ட்டேன்.”

“எந்தக் கைல?”

“வலது கைல.”

“அப்ப வா, வேலைக்குப் போலாம்,” என்றாள்.

பஸ் ஸ்டாப் வரைக்கும் அவளுடைய வலது பக்கமாகவே நடந்தேன்.